கடன் வாங்கி ஏசியா, கூரைக்கு வெப்பத்தடுப்பா?

கேள்வி: எங்கள் வீடு கட்டி 30 ஆண்டுகள் ஆகின்றன. கோடையில் மாடி அறையில் ஏசி ஓயாமல் ஓடுகிறது. மின்கட்டணம் கட்டி மாளவில்லை. தனிநபர் கடன் வாங்கிப் பெரிய ஏசியும் சோலார் பேனலும் போடலாமா, கூரைக்கு வெப்பத்தடுப்பு செய்யலாமா? சேமிப்பில் 6 மாதச் செலவுக்கான பணம் இருக்கிறது.

பதில்: அந்தப் பணம் அவசரத்துக்கு உரியது, தொடாதீர்கள். கடனைப் பற்றி யோசிக்குமுன், இரவு 10 மணிக்கு ஏணி வைத்து மாடி அறையின் உட்கூரையைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், பகலெல்லாம் கான்கிரீட் வாங்கி வைத்த வெயிலைத்தான் ஏசி இரவெல்லாம் வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. பெரிய ஏசி அதை வேகமாகத் தள்ளும். உள்ளே வரும் சூடு குறையாது.

ஆகவே முதல் செலவு கூரைக்கு. வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சு, புதிதாக இருக்கும்போது 80 சதவீதம் வரை எதிரொளிக்கும். அழுக்குப் படிந்தால் இது குறையும். கழுவுவதையும் மறுபூச்சையும் செலவில் சேருங்கள். வெயில் படும் ஜன்னல்களுக்கு வெளிப்பக்கமே நிழல் கொடுங்கள். உள்ளே திரை போட்டால், கண்ணாடியைத் தாண்டிய வெப்பத்தில் பெரும்பங்கு அறைக்குள்தான் தங்கும். மர நார், பழைய செய்தித்தாளில் செய்த செல்லுலோஸ் இரண்டும் நல்ல தடுப்புகள், ஆனால் ஈரம் தாங்காதவை. கூரை ஒழுகினால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். இல்லாவிட்டால் போட்ட காசு வீண்.

இனி வட்டிக் கணக்கு. மொத்தச் செலவை மின்கட்டணத்தில் ஆண்டுக்கு ஆகும் மிச்சத்தால் வகுங்கள். வருவது, போட்ட பணம் திரும்பப் பிடிக்கும் ஆண்டுகள். 15 ஆண்டு உழைக்கும் வேலையில் போட்ட பணம் 5 ஆண்டில் திரும்பினால், அது ஆண்டுக்குச் சுமார் 18 சதவீத வருமானத்துக்குச் சமம். திரும்ப 12 ஆண்டு பிடித்தால் 3 சதவீதம்கூடத் தேறாது. கடன் வட்டி, உங்கள் கணக்கில் வரும் வருமான சதவீதத்தைவிடக் குறைவாக இருந்தால் மட்டுமே கடனில் இறங்குங்கள்.

மிச்சம் எவ்வளவு என்பதை விற்பவரிடம் கேட்காதீர்கள். கோடை மாத பில்லிலிருந்து ஏசி ஓடாத மாத பில்லைக் கழியுங்கள். வருவதுதான், ஏறக்குறைய, அந்த மாதம் குளிர்விக்க ஆகும் செலவு. ஏசி ஓடும் மாதங்களுக்கெல்லாம் இப்படிக் கூட்டினால் ஆண்டுக் கணக்கு வரும். கூரை வேலை அதில் ஒரு பகுதியைத்தான் மிச்சப்படுத்தும். அதற்கு மேல் யார் கணக்குக் காட்டினாலும் நம்ப வேண்டாம்.

பூச்சையும் நிழலையும் மாத வருமானத்தில் ஒதுக்கிச் செய்து, ஒரு கோடை கழியட்டும். அதன் பிறகு சிறிய ஏசியும் குறைந்த பேனல்களுமே போதுமானதாக இருக்கலாம். விலை விசாரிப்பதை அப்போது வைத்துக்கொள்ளுங்கள்.