பட்டா இருந்தும் தேனைப் பிடித்து வைத்தால் என்ன செய்வது?

கேள்வி: எங்கள் மலைக் கிராமம் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. வன உரிமைச் சட்டப்படி ஊருக்குச் சமூக உரிமைப் பட்டா கொடுத்திருக்கிறார்கள். தேன், கடுக்காய், சீமார்ப்புல் எடுக்கலாம் என்று அதில் இருக்கிறது. போன மாதம் இரண்டு கேன் தேனைச் சந்தைக்குக் கொண்டுபோனபோது, பர்மிட் இல்லை என்று செக்போஸ்ட்டில் பிடித்து வைத்துக்கொண்டார்கள். “காட்டைப் பார்த்துக்கொள்ள வி.எஃப்.சி. (கிராம வனக் குழு) இருக்கிறது, கிராம சபைக்கு அதில் வேலையில்லை” என்கிறார் வனவர். இது சரிதானா ஐயா?

பதில்: சரியில்லை. முதலில் தேன் விஷயம். 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3(1)(சி) பிரிவு, வழிவழியாக எடுத்து வந்த தேன், கடுக்காய் போன்ற சிறு வன மகசூலின் மீது உங்களுக்கு உடைமை உரிமையே தருகிறது. எடுக்கலாம், விற்கலாம். 2012-இல் திருத்திய விதிகளின்படி விற்பனைக்காகக் காட்டுக்கு வெளியே கொண்டுபோவதும் அந்த உரிமையில் அடக்கம்; தலைச்சுமையாகத்தான் போக வேண்டும் என்றில்லை, வண்டியிலும் ஏற்றலாம். கட்டணம் கேட்கக் கூடாது.

பர்மிட் வேண்டுமே என்றால், அதைக் கொடுக்க வேண்டியது யார் தெரியுமா? விதி 4(1)(இ)-யின்படி உங்கள் கிராம சபை அமைக்கும் குழு, அல்லது சபை அதிகாரம் கொடுத்த ஓர் ஆள். பல ஊர்களில் வன உரிமைக் குழுவை மட்டும் போட்டுவிட்டு, இந்த இரண்டாவது குழுவை மறந்துவிடுகிறார்கள். முதலாவது உரிமை கோருவதற்கு, இரண்டாவது காட்டைப் பாதுகாப்பதற்கு. உங்கள் ஊரில் அது இருக்கிறதா என்று தீர்மான நோட்டைப் பாருங்கள். இல்லையென்றால் அடுத்த கூட்டத்திலேயே அமைத்து, பொருளை வெளியே கொண்டுபோக பர்மிட் எழுதிக் கொடுக்கும் ஒரு பாஸ் புத்தகமும் அச்சடித்துக்கொள்ளுங்கள். மகாராஷ்டிராவின் மேண்டா லேகா கிராம சபைக்கு 2011-இல் மூங்கிலுக்கான பாஸ் புத்தகம் கைக்கு வந்துவிட்டது. தேனுக்கு மட்டும் என்ன தடை?

அப்புறம் வி.எஃப்.சி. அது கூட்டு வன மேலாண்மைத் திட்டத்தில் வந்தது. தமிழ்நாட்டில் 1997-இல் காடு வளர்ப்புத் திட்டத்தோடு ஊர் ஊராகப் போட்டார்கள். துறை உத்தரவில் பிறந்த குழு அது. கிராம சபையின் அதிகாரமோ நாடாளுமன்றச் சட்டத்தின் 5-ஆம் பிரிவிலிருந்து வருகிறது. முன்னது பின்னதைத் தடுக்க முடியாது. புலிகள் காப்பகம் என்பதும் தடையில்லை. உங்களுக்குப் பக்கத்து மாநிலமான கர்நாடகத்திலேயே, பிலிகிரி ரங்கசாமி மலைப் புலிகள் காப்பகத்தில் சோளகர் பழங்குடியினருக்கு 2011-இல் சமூக வன உரிமை கொடுத்தார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கையில் இருப்பது ‘பி’ படிவத்தில் கேட்டு வாங்கிய பட்டா. அது பொருள் எடுக்கும் உரிமை. காட்டையே பாதுகாத்து நிர்வகிக்கும் உரிமை 3(1)(ஐ) பிரிவில் வருகிறது, அதற்கு ‘சி’ படிவம் தனியாகக் கொடுக்க வேண்டும். அதைத்தான் நீங்கள் உடனே செய்ய வேண்டும்.

உங்கள் வழக்கமான எல்லையை வரைபடமாகப் போடுங்கள்: தேன் பாறை, கோயில், ஓடை, மாடு மேய்ந்த தடம், பழைய ஊர் இருந்த இடம். பெரியவர்களின் வாக்குமூலத்தை எழுதி வாங்குங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட சான்று வேண்டும். இடத்தைப் பார்வையிடும் நாளை வனத்துறைக்கு எழுத்தில் தெரிவித்து, ஒப்புகை வாங்கி வையுங்கள். வராமல் இருந்துவிட்டுப் பிறகு ஆட்சேபித்தால் இன்னொரு நாள் கொடுக்கலாம். அதற்கும் வரவில்லையென்றால் கள ஆய்வில் சபையின் முடிவே இறுதியானது. இந்த ஒப்புகைச் சீட்டுதான் பின்னால் உங்களைக் காப்பாற்றும். தீர்மானம் போடும் கூட்டத்தில் உறுப்பினர்களில் பாதிப் பேர் இருக்க வேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். சபையின் தீர்மானத்தைப் பரிசீலிக்கும் கோட்ட அளவிலான குழு நிராகரித்தால், 60 நாளுக்குள் ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்கு மனுச் செய்யுங்கள்.

வேட்டை இந்த உரிமையில் கிடையாது. ஊர்ப் பையன் ஒருவன் கண்ணி வைத்து மாட்டினாலும் மொத்த ஊரின் கோரிக்கையையும் அதைக் காட்டியே இழுத்தடிப்பார்கள். சபையே அதைத் தடுக்கட்டும்.

பிடித்த தேனுக்கு, பட்டா நகலோடு மாவட்ட வன அலுவலருக்கு மனுக் கொடுத்து, ஆட்சியருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். கைப்பற்றியதற்கு ரசீது தரவில்லையென்றால் அதையும் மனுவில் எழுதுங்கள். பதில் வராவிட்டால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பழங்குடியினருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞர் வைத்துத் தருவார்கள்.