பவளத் தொட்டி சைக்கிளிங்: கேட்டீர்கள், சொல்கிறேன்

புதிதாக உப்புநீர்த் தொட்டி வைக்கிறவர்கள் அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன: எத்தனை நாளில் மீன் விடலாம்? மீன் கழிவிலிருந்து வரும் விஷமான அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியாவை முதலில் தொட்டியில் வளர்க்கவேண்டும், அதற்குப் பெயர்தான் சைக்கிளிங். நாள் கணக்கை நம்பி மீன் விடாதீர்கள். போட்ட அம்மோனியாவை உங்கள் தொட்டி எவ்வளவு வேகத்தில் தின்று முடிக்கிறது என்பதை மட்டும் பாருங்கள். மற்றதெல்லாம் கேள்வி வரும்போது.

மடிப்பாக்கம்: அண்ணா, 100 லிட்டர் தொட்டி. டிரை ராக் (உயிர் எதுவும் இல்லாத காய்ந்த கல்), மணல், உப்பு எல்லாம் போட்டு ஓடவிட்டிருக்கிறேன். பாக்டீரியா தானாக வந்துவிடுமா? கடையில் ஒரு இறாலைப் போட்டு அழுகவிடச் சொல்கிறார்கள்.

வரும், ஆனால் தீனி வைத்தால்தான். வெறும் தண்ணீரை ஒரு மாதம் சுற்றவிட்டாலும் ஒன்றும் ஆகாது தம்பி. அம்மோனியாதான் அவற்றுக்குச் சாப்பாடு. ஒரு கூட்டம் அதை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு கூட்டம் அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். இரண்டும் கல்லிலும் மணலிலும் ஒட்டிக்கொண்டு பெருகவேண்டும். தண்ணீரில் மிதப்பவை கொஞ்சம்தான்.

இறால் வேலை செய்யும். ஆனால் எவ்வளவு அம்மோனியா வந்தது என்பதற்குக் கணக்கே இருக்காது, பாஸ்பேட் சேரும், வீட்டில் திட்டும் விழும். அம்மோனியம் குளோரைடு வாங்குங்கள். நம் ஊரில் நவச்சாரம் என்று சொல்வது அதைத்தான். ஆனால் பற்றவைப்பு வேலைக்கு விற்கிற கட்டியை வாங்காதீர்கள், அதில் என்ன உலோகம் கலந்திருக்கிறதோ. ஆய்வகத் தரத்தில் சின்ன டப்பா கிடைக்கும். 100 லிட்டருக்கு 0.6 கிராம் போட்டால் அம்மோனியா சுமார் 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) வரும். 5 பிபிஎம்மைத் தாண்டவிடாதீர்கள், அளவுக்கு மீறினால் அந்தப் பாக்டீரியாவே மந்தமாகிவிடும்.

அப்புறம் பொறுமை. சமையலறை அழுக்கில் வளர்கிற சாதாரண பாக்டீரியா அரை மணி நேரத்தில் இரட்டிப்பாகும். அம்மோனியா தின்பவை ஒருமுறை இரட்டிப்பாக ஏறக்குறைய ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். விதை எதுவும் போடாத டிரை ராக் தொட்டி ஒரு மாதத்துக்கு மேல் இழுப்பது அதனால்தான். 2 பிபிஎம் போட்டு, மறுநாள் அதே நேரம் பார்க்கும்போது அம்மோனியா பூஜ்யம் என்றால் தொட்டி தயார்.

கோவை: மூன்று வாரமாக நைட்ரைட் டெஸ்ட் கடும் ஊதாவிலேயே நிற்கிறது சார். அம்மோனியா ஒரே நாளில் காலியாகிவிடுகிறது. தண்ணீர் முழுவதையும் மாற்றிவிடவா?

மாற்ற வேண்டாம். உங்கள் தொட்டி தயார்.

நைட்ரைட் பயம் நன்னீர்த் தொட்டியிலிருந்து வந்தது. அங்கே அந்தப் பயம் நியாயமானதுதான். நன்னீர் மீன் தன் செவுள் வழியாகக் குளோரைடை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். நைட்ரைட்டும் அதே வாசலில் நுழைந்து, ரத்தத்தை ஆக்சிஜன் சுமக்க முடியாத பழுப்பு ரத்தமாக்கிவிடும். கடல் நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 19 கிராம் குளோரைடு இருக்கிறது. அத்தனை குளோரைடு முண்டியடிக்கிற வாசலில் சில மில்லிகிராம் நைட்ரைட்டுக்கு இடம் கிடைப்பது அரிது. அதனால் உப்புநீர் மீனுக்கு ஓரிரு பிபிஎம் நைட்ரைட் ஒரு பொருட்டே இல்லை. இதற்காக வாரக்கணக்கில் காத்திருப்பதும், முழுத் தண்ணீரைக் கொட்டி ஆயிரக்கணக்கில் உப்புக்குச் செலவழிப்பதும் வீண் என்பது என் கருத்து. அது தானாக இறங்கும்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். நைட்ரைட் இருக்கும்வரை நைட்ரேட் டெஸ்டை நம்பாதீர்கள். அந்த டெஸ்ட் கிட் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றித்தான் நிறம் காட்டுகிறது. ஏற்கெனவே தண்ணீரில் உள்ள நைட்ரைட்டும் சேர்ந்து எகிறிய எண்ணாக வரும். 2 பிபிஎம் அம்மோனியா முழுவதும் மாறினால் கிடைக்கும் நைட்ரேட் 7 பிபிஎம் அளவுதான். நீங்கள் மொத்தம் எவ்வளவு போட்டீர்கள் என்று கணக்குப் போட்டாலே ஓரளவு தெரிந்துவிடும்.

மதுரை: பாட்டில் பாக்டீரியா வாங்கினால் உண்மையிலேயே வேகமாகுமா, இல்லை காசு பிடுங்கும் வேலையா?

இரண்டும் நடக்கிறது. நல்ல பாட்டில் ஒரு மாத வேலையை ஓரிரு வாரத்தில் முடித்துவிடும். ஆனால் நைட்ரைட், அம்மோனியா தின்னும் பாக்டீரியாவுக்கு விதை உறை போட்டுக்கொண்டு தூங்கும் திறமை கிடையாது. மே மாதம் கூரியர் வண்டியில் மூன்று நாள் வெந்து வந்தால் உங்களுக்கு வருவது பிண நீர்தான். உறைந்தாலும் செத்துவிடும். குளிரில் வைத்து விற்கும் கடையில், தேதி பார்த்து வாங்குங்கள். எத்தனை ஆண்டு அலமாரியில் வைத்தாலும் கெடாது என்று போட்டிருந்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் பேசில்லஸ் வகை. அது கசடைத் தின்னும், சைக்கிளிங்குக்கு உதவாது. நன்னீருக்கான பாட்டிலும் வேண்டாம், கடலுக்கான இனங்களே வேறு. ஊற்றிய பிறகு இரண்டு நாள் நுரையோடு கழிவை வெளியேற்றும் ஸ்கிம்மரையும் கிருமி கொல்லும் யுவி விளக்கையும் அணைத்து வையுங்கள்.

பாட்டில் மேலே நைட்ரோசோமோனாஸ், நைட்ரோபேக்டர் என்று பழைய ஜோடியின் பெயர் போட்டிருப்பார்கள். மீன் தொட்டிகளில் நைட்ரைட்டைத் தின்பது முக்கியமாக நைட்ரோஸ்பைரா என்று அமெரிக்க ஆய்வாளர் டிமத்தி ஹோவனெக்கின் குழு 1998லேயே காட்டிவிட்டது. அதைவிட வேடிக்கை, 2005ல் அமெரிக்காவில் சியாட்டில் அக்வேரியத்தின் உப்புநீர்த் தொட்டியிலிருந்து அம்மோனியா தின்னும் ஒரு உயிரைப் பிரித்தெடுத்தார்கள். நைட்ரோசோபூமிலஸ் மாரிட்டிமஸ் என்று பெயர். அது பாக்டீரியாவே இல்லை, ஆர்க்கியா என்ற வேறு குலம். பிறகு பார்த்தால் அதன் உறவினர்கள் கடல் முழுக்க இருக்கிறார்கள். நம் தொட்டிக் கல்லிலும் அவர்கள் குடியேறுவார்கள், எந்தப் பாட்டிலும் வாங்காமலே.

தூத்துக்குடி: கடல் பக்கத்தில்தான் அண்ணே வீடு. லைவ் ராக்குக்கு (உயிர்கள் ஒட்டியிருக்கும் பவளக் கல்) எதற்குக் காசு? தீவுப் பக்கம் போகிற படகில் சொன்னால் ரெண்டு கல் எடுத்து வந்துவிடுவார்கள்.

வேண்டாம். கல் பவளங்கள் அத்தனையும் 2001லிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு உள்ள அதே அட்டவணை. மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986லிருந்து கடல்சார் தேசியப் பூங்கா. செத்த பவளக் கல்தானே என்று சொன்னாலும் எடுபடாது, பிடிபட்டால் வழக்குத்தான். உங்கள் ஊர்ப் பக்கம் ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்தே பல திட்டுகள் போயின, தெரியும்தானே.

சுட்ட செராமிக் கல் வாங்குங்கள். நன்றாக ஓடுகிற தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் ஒரு கை மணலோ, அவர் சம்ப்பில் (தொட்டியோடு இணைந்த வடிகட்டித் தொட்டி) கிடக்கும் ஒரு துண்டு செராமிக் கல்லோ கேட்டு வாங்கிப் போடுங்கள். எந்தப் பாட்டிலையும்விட நல்ல விதை அதுதான். அவர் தொட்டியில் பூச்சி, ஐப்டேசியா என்ற களைபோலப் பரவும் கடல் அனிமோன் இருக்கிறதா என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

திருவான்மியூர்: கடல் தண்ணீரையே கொண்டுவந்து ஊற்றலாமா?

ஊற்றலாம். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் வேண்டாம். மழை வெள்ளம் கலந்து உப்பு இறங்கியிருக்கும், கூவமும் அடையாறும் கொண்டுவந்து கொட்டியதும் அதில் இருக்கும். மற்ற மாதங்களில் முகத்துவாரத்தை விட்டுத் தள்ளி எடுத்து, உப்பு அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் 35 இருக்கிறதா பாருங்கள். கடல் தண்ணீர் ஊற்றினால் சைக்கிளிங் தேவையில்லை என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். கல்லில் ஒட்டவேண்டியது கல்லில்தான் ஒட்டவேண்டும்.

சிங்கப்பூர்: குழாய்த் தண்ணீரில் குளோரின் நீக்கி போட்டுத்தான் உப்புக் கலக்குகிறேன். புதுத் தண்ணீரிலேயே அம்மோனியா காட்டுகிறது. கிட் பழுதா?

கிட் சரியாகத்தான் சொல்கிறது. உங்கள் ஊர்க் குழாய் நீரில் குளோரமின் போடுகிறார்கள். குளோரமின் என்றால் குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது. குளோரினை நீக்கினால் மிச்சம் நிற்பது அம்மோனியா. சைக்கிளிங் நடக்கும் தொட்டிக்கு அதனால் கெடுதல் இல்லை. மீன் விட்ட பிறகு கார்பன் வடிகட்டியும், மிச்ச அயனிகளைப் பிடிக்கும் டிஐ குப்பியும் உள்ள ஆர்ஓ தண்ணீருக்கு மாறிவிடுங்கள். அம்மோனியாவை முடக்கிவைக்கும் மருந்து ஊற்றினாலும் கிட் நிறம் காட்டிக்கொண்டுதான் இருக்கும், ஏனென்றால் அது மொத்த அம்மோனியாவை அளக்கிறது.

ஈரோடு: டாம்சல் மீன் தாங்கும், அதை விட்டே சைக்கிள் பண்ணு என்கிறார் கடைக்காரர்.

தாங்கும், செவுள் வெந்துபோய். அம்மோனியாவில் விஷமான பகுதி பிஎச் ஏற ஏறக் கூடும். பிஎச் 7 உள்ள நன்னீரில் அது 1 சதவீதம்கூட இருக்காது. நம் தொட்டியில் பிஎச் 8.2, அங்கே 5 சதவீதத்தைத் தாண்டிவிடும். அதோடு, தப்பிப் பிழைத்த டாம்சல் தொட்டியையே தன் பட்டா நிலமாக்கிக்கொண்டு பின்னால் வரும் மீனையெல்லாம் விரட்டும். பிடிக்கக் கல்லையெல்லாம் கலைக்கவேண்டியிருக்கும்.

சேலம்: மணல் முழுக்கப் பழுப்புத் தூள். தொட்டி கெட்டுவிட்டதா?

டயாட்டம் என்ற நுண்பாசி. புதுத் தொட்டியில் வரும், சிலிகேட் தீர்ந்ததும் போகும். விடுங்கள். அதைப் பார்த்துப் பயந்து நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் பூஜ்யத்துக்கு இறக்கும் மருந்துகளைப் போடாதீர்கள். அப்படிச் சுத்தமாகக் காய்ந்த டிரை ராக் தொட்டியில்தான் டைனோ (டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர்) பிடிக்கும். நூல் நூலாகக் குமிழியோடு தொங்கும் அந்தச் சளியை விரட்ட மாதங்கள் ஆகும்.

திருநெல்வேலி: கரண்ட் நாலு மணி நேரம் போனால் பாக்டீரியா செத்துவிடுமா?

கல்லில் உள்ளவை தாங்கும். முதலில் மூச்சுத் திணறுவது மீன்தான், பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள். கேனிஸ்டர் ஃபில்டர் வைத்திருந்தால் அதுதான் ஆபத்து. மூடிய டப்பாவுக்குள் ஆக்சிஜன் தீர்ந்து தண்ணீர் அழுகும். கரண்ட் வந்ததும் அப்படியே ஓடவிடாமல், திறந்து அந்தத் தண்ணீரைக் கொட்டி, உப்புநீரில் அலசிவிட்டுப் போடுங்கள்.

வேளச்சேரி: அம்மோனியா ஒரே நாளில் பூஜ்யம். ஆறு மீன் ஒன்றாக விடலாமா?

முதலில் ஒரு ஜோடி க்ளவுன் மீன். கடலில் பிடித்ததை வாங்காமல் வளர்த்ததாகக் கேட்டு வாங்குங்கள், நம் மண்டபத்திலேயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறார்கள். பாக்டீரியா தீனிக்கு ஏற்றபடிதான் பெருகும், அதனால் இரண்டு மூன்று வாரம் விட்டு அடுத்த மீன். மீன் விடுவதற்கு முதல் நாள் நைட்ரேட் 40க்கு மேல் இருந்தால் பாதித் தண்ணீரை மாற்றுங்கள். நாளைக்கே மீன் வாங்க முடியவில்லை என்றால் தொட்டியைப் பட்டினி போடாதீர்கள், நாலைந்து நாளைக்கு ஒருமுறை 1 பிபிஎம் அம்மோனியா போட்டால் போதும்.