கூட்டணுமா, கழிக்கணுமா?

கேள்வி: என் பொண்ணு அஞ்சாவது படிக்கிறா. வாய்ப்பாடெல்லாம் தலைகீழா சொல்லுவா, ஆனா கணக்க வாக்கியமா குடுத்துட்டா போதும், "கூட்டணுமா கழிக்கணுமா"ன்னு என் மூஞ்சியவே பாக்குறா. நான் சொன்னாதான் பென்சில எடுக்குறா. என்ன பண்றது?
– ஒரு வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: மொதல்ல நீங்க சொல்றத நிறுத்தணும்மா. நீங்க 'கழி'ன்னு சொன்னதுமே யோசிக்கிற வேலை முடிஞ்சுபோச்சு, அவளுக்கு மிச்சம் வெறும் கைவேலைதான்.

உங்க பொண்ணு மட்டும் இப்படி இல்ல. 1979-80 வாக்குல பிரான்ஸ்ல கிரனோபிள்ங்கற ஊர்ல சின்னப் பசங்கள கேட்டாங்க, கப்பல்ல 26 செம்மறி, 10 வெள்ளாடு இருக்கு, கேப்டன் வயசு என்னன்னு. 97 பேர்ல 76 பேர் அந்த ரெண்டு எண்ண வெச்சே ஒரு வயசு எழுதிட்டாங்க! கணக்குன்னா விடை வந்தே ஆகணும்னு நாமதான பழக்கி வெச்சிருக்கோம்.

'மீதி'ன்னு வந்தா கழி, 'மொத்தம்'னு வந்தா கூட்டுன்னு குறுக்குவழி சொல்லித் தர்றோம் பாருங்க, அது இன்னும் மோசம். இன்னைக்கு ராத்திரி இதக் கேளுங்க: மண்டியில 5 கூடை மாங்கா வித்தாச்சு, மீதி 8 கூடை இருக்கு, காலையில எத்தனை கூடை வந்துச்சு? 'மீதி'யப் பாத்ததும் 3ன்னு சொல்லுவா. தப்புன்னு சொல்லாதீங்க, "வந்ததே 3 கூடைன்னா 5 கூடை எப்படி வித்தாங்க?"ன்னு மட்டும் கேட்டுட்டு சும்மா இருங்க. அப்படி வாய மூடிட்டு இருக்கறதுதான் ரொம்பக் கஷ்டம், எனக்கே பழக வருஷக்கணக்காச்சு.

என் வகுப்புல ஒரு பையன், 130 கிலோ மாங்காய 20 கிலோ பிடிக்கற பெட்டியில அடுக்க எத்தனை பெட்டி வேணும்னு கேட்டதுக்கு "6, மீதி 10"ன்னு எழுதியிருந்தான். "அந்த 10 கிலோவ எங்கடா வைப்ப?"ன்னேன். சீசன்ல அப்பாகூட தோப்புக்குப் போற பையன், கொஞ்ச நேரம் நோட்டையே பாத்துட்டு இருந்தவன் "இன்னொரு பெட்டி வேணும் சார், 7"ன்னான். வகுத்தல் அவனுக்கு மொதல்லயே தெரியும், கணக்குக்குள்ள நெஜ மாங்கா இருக்குன்னுதான் தெரியல.

தினம் ஒரே ஒரு கணக்கு போதும். எண்ணே சொல்லாம அந்தக் கதைய அவ வாயால சொல்லச் சொல்லுங்க, படம் போடட்டும், அப்புறம் பென்சில். விடை வந்ததும் "எப்படித் தெரியும்?"னு கேளுங்க. சரியா போட்டிருந்தாலும் கேக்கணும்மா, தப்பா போட்டப்ப மட்டும் கேட்டீங்கன்னா அந்தக் கேள்வி காதுல விழுந்ததுமே ரப்பர தேட ஆரம்பிச்சுடுவா.