கேளுங்கள் மிஸ்: அம்மாவின் பித்தநாளக் கல்லை அதிர்வலை உடைக்குமா?

கேள்வி: வணக்கம் மிஸ். அம்மாவுக்கு 71 வயது. பித்தப்பையை எடுத்து 9 வருடம் ஆகிறது. போன மாதம் கண் மஞ்சளாகி, சலம் தேயிலைச் சாயம் மாதிரிப் போனது. செங்கமாரி என்று நினைத்துக் கீழ்க்காய்நெல்லி அரைத்துக் கொடுத்தோம். பிறகு ஸ்கானில் பித்தநாளத்தில் 22 மில்லிமீற்றர் கல் இருப்பது தெரிந்தது. வாயால் கமரா விட்டு இரண்டு தரம் இழுத்துப் பார்த்தும் கல் வரவில்லை. ஒரு பிளாஸ்டிக் குழாய் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். மாமாவின் கிட்னிக் கல்லை அதிர்வலையால் உடைத்த மாதிரி இதையும் உடைக்கலாம், இனிக் கமராவே தேவையில்லை என்று கனடாவில் இருக்கும் தம்பி சொல்கிறான். அம்மாவும் கமரா என்றாலே அழுகிறா. என்ன செய்வது?
- வாசகி, நெல்லியடி

பதில்: பிள்ளை, தம்பி சொன்னதில் பாதி சரி. ஈரலிலிருந்து சிறுகுடலுக்குப் பித்தம் போகும் குழாய்தான் பித்தநாளம். அதிலுள்ள கல்லை வெளியிலிருந்து அதிர்வலையால், அதாவது இயந்திரம் அனுப்பும் அழுத்த அலையால், உடைக்கலாம். ஆனால் உடைந்த துண்டுகளை எடுக்கப் பெரும்பாலும் கமரா திரும்பவும் போகத்தான் வேண்டும். இதை அம்மாவிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். "இனிக் கமரா இல்லை" என்று தேற்றிக் கூட்டிக்கொண்டு போனால், பிறகு நீங்கள் சொல்லும் எதையும் அவர் நம்பமாட்டார்.

கிட்னிக் கல் நொறுங்கினால் துண்டுகளைச் சலம் தள்ளிக்கொண்டு போகும். நன்றாகத் தண்ணீர் குடித்து அதற்கு உதவலாம். பித்தத்துக்கு அந்த வேகம் கிடையாது. நாளம் சிறுகுடலில் திறக்கும் வாயில் ஒரு சுருக்குத் தசையும் இருக்கிறது. அந்தத் தசையைக் கமரா வழியாகக் கீறித் திறக்கும் முறை 1974 இல் ஜப்பானிலும் ஜேர்மனியிலும் தனித்தனியாக வந்தது. அம்மாவுக்கும் அதைச் செய்துவிட்டுத்தான் கல்லை இழுத்துப் பார்த்திருப்பார்கள். பலூனாலோ கம்பிக்கூடையாலோ இழுத்தால் 100 பேரில் 85, 90 பேருக்குக் கல் வந்துவிடும். 15 மில்லிமீற்றரைத் தாண்டிய கல், நாளத்தை அடைத்து இறுகிக் கிடக்கும் கல், ஒடுங்கிய இடத்துக்கு மேலே நிற்கும் கல், இவைதான் அடம்பிடிக்கும். கூடை விரிந்து கல்லைச் சுற்றிப் பிடிக்க அங்கே இடம் இராது. ஆகவே இரண்டு தரம் வரவில்லை என்பதற்காக டொக்டரில் குறை நினைக்காதீர்கள்.

அதிர்வலை மருத்துவத்துக்கு வந்த வழி எனக்கு இன்றைக்கும் அதிசயம்தான். வேகமாகப் பறக்கும் விமானத்தில் மழைத்துளி மோதினால் உலோகம் என்ன ஆகும் என்று ஆராய்ந்தது டோர்னியர் என்ற ஜேர்மன் விமானக் கம்பனி. அந்த ஆராய்ச்சியிலிருந்து வந்த இயந்திரத்தால் 1980 பெப்ரவரி 7 இல் மியூனிக் நகரில் முதன்முதலாக ஒரு நோயாளியின் கிட்னிக் கல்லை உடைத்தார்கள். சில ஆண்டுகளில் பித்தக் கற்களுக்கும் அது வந்தது.

நான் 31 வருடம் சத்திரசிகிச்சை வாட்டில் வேலை செய்தவள். ஆனால் பித்தநாளக் கல்லை அதிர்வலையால் உடைப்பதைக் கண்ணால் கண்டது ஓய்வுபெற்ற பிறகுதான், அத்தானுக்குச் சென்னையில் செய்தபோது. முதல் நாள் கமரா விட்டு, மெல்லிய குழாய் ஒன்றை நாளத்துக்குள் வைத்து, மற்ற முனையை மூக்கால் எடுத்துக் கன்னத்தில் பிளாஸ்டர் போட்டு ஒட்டினார்கள். பையில் பித்தம் நல்லெண்ணெய் நிறத்தில் வடிந்துகொண்டிருந்தது. கிட்னிக் கல் பெரும்பாலும் கல்சியம், அதனால் எக்ஸ்ரேயில் தெரியும். பித்தநாளக் கல் அநேகமாகத் தெரியாது. மூக்குக் குழாயால் எக்ஸ்ரே மருந்தை விட்டால், நாளம் நிறைந்து கல் இருக்கும் இடம் மட்டும் வெறுமையாகத் தெரியும். அந்த வெறுமையைக் குறிவைத்துத்தான் அலையை அனுப்புகிறார்கள்.

மறுநாள் அவரைப் படுக்கவைத்து, தண்ணீர் நிரப்பிய மெத்தை போன்ற ஒன்றை உடம்போடு ஒட்டினார்கள். அதற்கு முன் ஜெல்லைக் காற்றுக்குமிழி ஒன்றுகூட இல்லாமல் அந்தப் பிள்ளைகள் தடவிய பொறுமை இன்னும் கண்ணில் நிற்கிறது. தண்ணீருக்குள்ளும் தசைக்குள்ளும் சுகமாகப் போகும் அலை, காற்றில் முட்டினால் திரும்பிவிடும். பிறகு டக், டக், டக் என்று ஒரே சீராகச் சத்தம். ஒரு தடவைக்கு ஆயிரக்கணக்கில் அடிப்பார்கள். வலிக்கு ஊசி போட்டிருந்தும், "விலாவில் இறப்பர் பாண்டை இழுத்து விடுற மாதிரி இருக்கு" என்றார் அத்தான். அன்று பின்னேரம் அந்த இடத்தில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் இருந்தன. இரண்டாம் முறை அடித்த பிறகுதான் கமரா விட்டார்கள். திரையில் பார்த்தேன். பனங்கட்டியை அம்மியில் வைத்து நொறுக்கிய மாதிரிப் பழுப்புத் துண்டுகள் குடலுக்குள் வந்து விழுந்தன. பித்தப்பை எடுத்துப் பல வருடத்துக்குப் பிறகு நாளத்திலேயே உருவாகும் கற்கள் பெரும்பாலும் இந்த மிருதுவான பழுப்புக் கற்கள்தான். அம்மாவுடையதும் அப்படி இருக்க இடமுண்டு.

ஆனால் அதிர்வலைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். இப்போது பல இடங்களில், பெரிய கமராவுக்குள்ளே ஒரு குட்டிக் கமராவை விட்டுக் கல்லை நேரே பார்த்து, லேசராலோ மின்பொறியாலோ உடைக்கிறார்கள். நாளத்தின் வாயைப் பெரிய பலூனால் விரிப்பதும் உண்டு, கூடையாலேயே கல்லை நசுக்குவதும் உண்டு. எதுவும் சரிவராவிட்டால் சத்திரசிகிச்சை இருக்கிறது. அடுத்த கிளினிக்கில், "இவற்றில் அம்மாவுக்கு எது பொருந்தும், அதை எங்கே செய்யலாம்" என்று டொக்டரிடம் கேளுங்கள். முன்பு கமரா விட்டபோது எடுத்த படங்களையும் றிப்போட்டையும் கட்டாயம் கொண்டுபோங்கள். படத்தைப் பார்க்காமல் யாராலும் வழி சொல்ல முடியாது.

அம்மா இருதயத்துக்கு இரத்தம் உறையாத மருந்து ஏதும் குடிக்கிறாரா? பேஸ்மேக்கர் இருக்கிறதா? இருந்தால் முதலே சொல்லுங்கள். மருந்தை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். பித்தம் குடலுக்கு வராவிட்டால் விற்றமின் கே உடம்பில் சேராது, இரத்தம் உறையப் பிந்தும். அதைச் சோதித்து, தேவையென்றால் ஊசி போட்டுவிட்டுத்தான் மேலே போவார்கள்.

நான் அதிகம் பயப்படுவது அந்தப் பிளாஸ்டிக் குழாயைப் பற்றித்தான். அது கல்லை எடுத்துவிடவில்லை, பித்தம் வடிய வழி மட்டும் விட்டிருக்கிறது. நாள் போனால் அதுவும் அடைபடும். சாதாரணமாக 3 முதல் 6 மாதத்துக்குள் மாற்றவோ எடுக்கவோ வேண்டும். மஞ்சள் போய்விட்டது, பசிக்கிறது என்று சுகமாக இருந்துவிட்டு, பேத்தியின் கலியாணம் முடியட்டும் என்று திகதியைத் தள்ளி, கடைசியில் நடுக்கத்தோடும் நெருப்பாய்க் கொதிக்கும் காய்ச்சலோடும் வாட்டுக்கு வந்தவர்களை நான் தூக்கிப் படுக்கவைத்திருக்கிறேன். எல்லாரையும் வீட்டுக்கு அனுப்ப முடியவில்லை. திகதியை இன்றே கலண்டரில் சிவப்பால் எழுதுங்கள். குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல், வலது விலாவுக்குக் கீழே நோ, கண் மஞ்சள் என்று கண்டால் பனடோல் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று இருக்கவேண்டாம். நள்ளிரவானாலும் வாகனம் பிடியுங்கள்.

கீழ்க்காய்நெல்லியை விட்டுவிடுங்கள். இது அடைப்பால் வந்த மஞ்சள். அடைப்பைத் திறக்காமல் குறையாது.

கேள்வி: எனக்குப் பித்தப்பையில் 12 மில்லிமீற்றர் கல். வேறு எதற்கோ ஸ்கான் எடுத்தபோது கண்டது. நோ இல்லை. இதை அதிர்வலையால் உடைக்கலாமா?
- வாசகர், சாவகச்சேரி

பதில்: 1985 இல் மியூனிக்கில் அதையும் தொடங்கினார்கள் ஐயா. கல் உடைந்தது, ஆனால் கல்லை உண்டாக்கும் பை உள்ளேயே இருந்ததால் பலருக்குத் திரும்பி வந்தது. அதே 1985 இல் ஜேர்மனியில் எரிக் மூஹே சிறு துளைகள் வழியாகப் பித்தப்பையை எடுத்துக் காட்டினார். அந்த முறை பரவியதும் பித்தப்பைக் கல்லுக்கு அதிர்வலை அடிப்பது அநேகமாகக் கைவிடப்பட்டது. உங்களுக்கு நோ இல்லையென்றால் இப்போதைக்கு எதுவும் செய்யத் தேவையிராது. கொழுப்புச் சாப்பாட்டுக்குப் பிறகு மேல்வயிறு பிடித்து இழுத்தால், ஸ்கான் றிப்போட்டோடு சத்திரசிகிச்சை நிபுணரைப் பாருங்கள்.