வளாகம் எல்லோருக்கும் உரியதா?

கேள்வி: மகளைப் பல்கலைக்கழகத்தில் சேர்க்கவிருக்கிறோம். அங்கே எல்லா மாணவர்களும் மதிப்புடன் நடத்தப்படுகிறார்களா என்பதை முன்கூட்டியே அறிவது எப்படி?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: விளம்பரக் கையேட்டை ஒதுக்கிவிட்டு, விடுதி உணவுக்கூடத்தில் யார் யாருடன் அமர்ந்து உண்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். டெல்லி எய்ம்ஸ் நிறுவனத்தில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் நடத்தப்பட்ட விதத்தை ஆராய்ந்து தோரட் குழு 2007-இல் அளித்த அறிக்கை, வகுப்பறையில் மட்டுமன்றி விடுதியிலும் உணவுக்கூடத்திலும் விளையாட்டிலும் நிலவிய ஒதுக்கலைப் பதிவு செய்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, அரசு உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடங்களை ஒதுக்கச் சொல்கிறது; ஆனால் நூலகத்துக்குச் சாய்தளமே இல்லையென்றால், கிடைத்த இடத்தால் அந்த மாணவருக்கு என்ன பயன் என்பதே என் கவலை. பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கான உள்ளகக் குழுவினரின் பெயர்கள் அறிவிப்புப் பலகையில் உள்ளனவா என்றும் பாருங்கள். விடுதி மாணவியரிடம் உங்கள் மகளையே தனியாகப் பேசவிடுங்கள். பெற்றோர் முன்னிலையில் அவர்கள் மனம் திறப்பது அரிது.