சராசரி 40,000, கையில் 15,000: புள்ளியியல் கேள்வி-பதில்

செமஸ்டர் தொடங்கி ஒரு மாதம் ஆனால் போதும், புள்ளியியல் படிக்கும் பிள்ளைகளிடமிருந்து கேள்விகள் வரத் தொடங்கிவிடும். சூத்திரம் மனப்பாடம் ஆகியிருக்கும். அது எதற்கு என்பதுதான் பிடிபட்டிருக்காது. இந்த முறை வந்தவற்றில் சில.

சராசரி, இடைநிலை, முகடு மூன்றையும் கணக்குப் போட வரும். எந்த இடத்தில் எது என்றுதான் குழப்பம். (பி.காம் முதலாண்டு மாணவி)

ஒரு ஜவுளிக்கடை. வேலையாட்கள் ஒன்பது பேர், ஆளுக்கு மாதம் 15,000 ரூபாய். முதலாளி எடுத்துக்கொள்வது 2,65,000. பத்துப் பேருக்கும் சேர்த்து 4,00,000, சராசரி 40,000. 'எங்கள் கடையில் சராசரி வருமானம் நாற்பதாயிரம்' என்று வாசலில் எழுதிப் போட்டால் அது பொய்யில்லை. ஆனால் அந்தத் தொகையை வாங்குகிறவர் கடைக்குள் ஒருவர்கூட இல்லை. ஏறுவரிசையில் நிறுத்தி நடுவில் நிற்கும் இருவரைப் பார்த்தால் 15,000. அதுதான் இடைநிலை. சம்பளம், வீட்டு விலை, சொத்து என்று ஒரு பக்கம் மட்டும் வால் நீளும் விவரங்களுக்கு இடைநிலையைக் கேளுங்கள்.

அதற்காகச் சராசரியை ஒதுக்கிவிடவும் கூடாது. சராசரியை ஆள் எண்ணிக்கையால் பெருக்கினால் மொத்தத் தொகை கிடைத்துவிடும். இடைநிலையை வைத்து அது நடக்காது.

முகட்டின் அருமை செருப்புக்கடைக்காரருக்குத் தெரியும். விற்ற செருப்புகளின் சராசரி அளவு 7.3 என்று சொன்னால் அவர் சிரிப்பார். எந்த அளவு அதிகம் போகிறது என்பதுதான் அவருக்கு வேண்டும். அதுதான் முகடு.

திட்ட விலக்கத்துக்கு எக்செல்லில் இரண்டு கட்டளை இருக்கிறது, ஒன்று 'பி'யில் முடிகிறது, மற்றது 'எஸ்'ஸில். ஒன்று எண்ணிக்கையால் வகுக்கிறது, மற்றது எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து வகுக்கிறது. ஏன் சார் இந்த ஒன்று?

எனக்குப் பிடித்த கேள்வி. பேப்பரை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பையில் இரண்டு சீட்டு. ஒன்றில் 0, மற்றதில் 2. இதுதான் நம் முழுமைத் தொகுதி, அதாவது நாம் அறிய விரும்பும் மொத்தக் கூட்டம். சராசரி 1. இரண்டு சீட்டுமே சராசரியிலிருந்து 1 தள்ளி நிற்கின்றன, ஆகவே விலக்க வர்க்கச் சராசரியும் (விலக்கங்களை வர்க்கப்படுத்தி எடுத்த சராசரி, இதன் வர்க்கமூலம்தான் திட்ட விலக்கம்) 1.

இப்போது பைக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாத ஒருவர் ஒரு சீட்டை எடுத்துப் பார்த்து, திரும்பப் போட்டு, மறுபடி ஒன்று எடுக்கிறார். வரக்கூடியவை நான்கே: 0-0, 0-2, 2-0, 2-2. ஒவ்வொன்றுக்கும் இரண்டால் வகுத்து விலக்க வர்க்கச் சராசரி பார்த்தால் 0, 1, 1, 0. இவற்றின் சராசரி அரை. உண்மையான விடையோ 1. அதாவது சராசரியாகப் பாதியைத்தான் சொல்கிறோம் என்ற நிலை. இரண்டுக்குப் பதில் ஒன்றால் வகுத்துப் பாருங்கள்: 0, 2, 2, 0. சராசரி 1. சரியாக வந்து நிற்கிறது.

காரணம் இதுதான். பையின் சராசரி தெரியாததால், கையில் எடுத்த சீட்டுகளின், அதாவது மாதிரியின், சராசரியிலிருந்தே விலக்கத்தை அளக்கிறோம். அந்தச் சராசரி மாதிரிக்கு நடுவிலேயே உட்கார்ந்திருப்பதால் விலக்கங்கள் சிறுத்துத் தெரிகின்றன. வகுஎண்ணைக் குறைப்பது அந்தச் சிறுப்பைச் சரிக்கட்டத்தான். (வர்க்கமூலம் எடுத்ததும் கொஞ்சம் பிழை திரும்ப எட்டிப் பார்க்கும். முதலாண்டில் அதை விட்டுவிடலாம்.)

வகுப்பு முழுவதன் மதிப்பெண்ணும் கையில் இருந்து, அந்த வகுப்பைப் பற்றி மட்டும் பேசுகிறீர்களா? 'பி'. மாதிரியை வைத்துப் பெரிய கூட்டத்தைப் பற்றிச் சொல்லப்போகிறீர்களா? 'எஸ்'.

மாதிரி பெரிதாக இருந்தால் முடிவு சரியாகத்தானே இருக்கும்?

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். சாம்பாரில் உப்பு பார்க்க ஒரு சொட்டு போதும், ஆனால் கிளறிவிட்டுப் பார்க்க வேண்டும். கிளறாத சாம்பாரில் அண்டா அளவு எடுத்துக் குடித்தாலும் அடியில் தங்கிய உப்பு நாக்குக்கு வராது.

1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் நடந்தது இதுதான். 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற இதழ் சுமார் ஒரு கோடிப் பேருக்கு வாக்குச்சீட்டு அனுப்பியது. இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவை திரும்பி வந்தன. ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லேண்டன் வெல்வார் என்று இதழ் அறிவித்தது. அன்றிருந்த 48 மாநிலங்களில் 46-ஐ ரூஸ்வெல்ட் அள்ளிக்கொண்டு போனார். முகவரிகளைப் பெரும்பாலும் தொலைபேசிப் பட்டியலிலும் கார் வைத்திருப்போர் பட்டியலிலும் எடுத்திருந்தார்கள். பொருளாதார மந்தக் காலத்தில் போனும் காரும் யாரிடம் இருந்திருக்கும்? போதாக்குறைக்கு, மெனக்கெட்டுப் பதில் போட்டவர்கள் கணக்கு மட்டும்தான் அதில் ஏறியது.

நாணயம் சுண்டியதில் தொடர்ந்து ஐந்து முறை தலை. அடுத்தது பூ விழ வாய்ப்பு அதிகம்தானே?

இல்லை. நாணயத்துக்கு ஞாபகசக்தி கிடையாது.

பிராஜெக்ட் விவரத்தில் ஓர் எண் மட்டும் ஒட்டாமல் நிற்கிறது. எடுத்துவிடலாமா?

அது எங்கிருந்து வந்தது என்று முதலில் பாருங்கள். நான் படித்த காலத்தில் ஹாஸ்டல் மாணவர்கள் நாற்பது பேரிடம் படிவம் கொடுத்து வாங்கினேன். நான்கு பேர் வயதை எழுதவில்லை. அங்கே அடையாளத்துக்கு 99 என்று போட்டுவைத்து, அதை மறந்தும் போனேன். மற்ற 36 பேரின் சராசரி 19 தான். மொத்தமாகப் போட்டபோது 27 வந்தது. வழிகாட்டி ஆசிரியர் தாளைப் பார்த்துவிட்டு, "என்னய்யா, ஹாஸ்டல் முழுக்க அரியர் கேஸா?" என்றார்.

என்னுடையது பதிவுப் பிழை, ஆகவே நீக்கியது சரி. ஆனால் ஜவுளிக்கடை முதலாளியின் 2,65,000 பிழையில்லை. கணக்கு அழகாக வரவில்லை என்பதற்காக அவரை நீக்கினால் அது தில்லுமுல்லு.

ஒட்டுறவுக் கெழு 0.9. ஒன்று மற்றதற்குக் காரணம் என்று எழுதலாமா?

கூடாது. இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்பதை மட்டும்தான் ஒட்டுறவுக் கெழு சொல்லும். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளின் செருப்பு அளவையும் வாசிப்புத் திறனையும் அளந்து பாருங்கள், ஒட்டுறவு வரும். பெரிய செருப்பு வாங்கிக் கொடுத்தால் பிள்ளை நன்றாக வாசிக்குமா? இரண்டையும் வளர்ப்பது வயது.

'பி-மதிப்பு 0.02, ஆகவே இன்மைக் கருதுகோள் உண்மையாக இருக்க 2 சதவீதம் வாய்ப்பு' என்று எழுதினேன். மதிப்பெண் போய்விட்டது.

போனது நியாயம்தான். பத்து முறை சுண்டியதில் ஒன்பது தலை என்று வையுங்கள். நாணயம் நேர்மையானது (இதுதான் இங்கே இன்மைக் கருதுகோள்) என்று எடுத்துக்கொண்டால், 1,024 வகைகளில் ஒன்பதோ பத்தோ தலை விழுவது 11 வகை. அதே அளவு பூ விழுவது இன்னொரு 11. 22-ஐ 1,024 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 0.02. இதுதான் பி-மதிப்பு: நேர்மையான நாணயத்தில் இவ்வளவோ இதைவிட அதிகமோ ஒரு பக்கம் சாய்ந்த முடிவு வரும் வாய்ப்பு. நாணயம் நேர்மையானது என்ற அனுமானத்தில்தான் இந்தக் கணக்கே தொடங்குகிறது. அந்த அனுமானம் எவ்வளவு உண்மை என்பதை அதே கணக்கு எப்படிச் சொல்லும்?

பி-மதிப்பு 0.05-க்குக் கீழே வந்தால் இன்மைக் கருதுகோளை ஒதுக்கலாம் என்ற கோடும் சாமி வரம் இல்லை. புள்ளியியலாளர் ரொனால்டு ஃபிஷர் 1925-இல் தன் நூலில் வசதிக்காகச் சொன்னது, நிலைத்துவிட்டது.

அந்த ஒன்பது தலை, மேஜிக் காட்டுபவர் பையிலிருந்து எடுத்த நாணயத்தில் விழுந்தால் எனக்குச் சந்தேகம் வரும். டீக்கடையில் மீதி வாங்கிய நாணயம் என்றால், பேசாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவேன். பி-மதிப்பு இரண்டுக்கும் ஒன்றேதான்.