கோடையில் வாய் திறக்கும் சுவர்
கட்டடக் கேள்வி – பதில்

கேள்வி: நகருக்குள் இருக்கும் எங்கள் பல்கலைக்கழக வளாகத்தில் புதிதாகக் கட்டிய மூன்று மாடி வகுப்பறைக் கட்டடம். தரைத்தள ஜன்னல் மூலைகளில் சாய்வாக விரிசல். பங்குனியில் சிமென்ட் பூசி அடைத்தோம். ஐப்பசி மழையில் பூச்சு பெயர்ந்தது. வைகாசியில் மறுபடி விரிசல். சிமென்ட் மட்டமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: சிமென்ட்டைத் திட்ட வேண்டாம். நீங்கள் எழுதிய மாதங்களே காரணத்தைச் சொல்லிவிட்டன. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடும். அதன்பின் வாய்க்கால் வற்றி, வயலில் களிமண் பாளம் பாளமாக வெடிக்கும். உங்கள் அஸ்திவாரத்துக்கு அடியிலும் அந்தக் களியே இருக்கலாம். காய்ந்தால் சுருங்கும், நனைந்தால் உப்பும். கட்டடத்தின் ஓரம் நடுப்பகுதியைவிட சீக்கிரம் காய்வதால் ஒரு பக்கம் மட்டும் இறங்குகிறது. சுவரில் பலவீனமான இடம் ஜன்னல் மூலை, அங்கே கிழிகிறது.

முதலில் கட்டட வரைபடத்தை எடுத்து, என்ன அஸ்திவாரம் என்று பாருங்கள். இந்த மண்ணுக்கு அண்டர்-ரீம்டு பைல் (அடிப்பகுதி குமிழாக விரிந்த, மண்ணுக்குள் இறங்கும் கான்கிரீட் தூண்) ஏற்றது: தண்டு 30 செ.மீ. என்றால் அடியில் குமிழ் 75 செ.மீ., ஆழம் குறைந்தது 3.5 மீட்டர். பைல் இருந்தும் விரிசல் வருகிறதா? பைல்களை இணைத்துச் சுவரைத் தாங்கும் கிரேடு பீமுக்கு அடியில் 80 மி.மீ. வெற்றிடம் விட்டிருக்க வேண்டும். பல இடங்களில் அதில் மண்ணையோ கட்டட இடிசலையோ போட்டு அடைத்துவிடுவார்கள். களி உப்பும்போது பீமையே மேலே தூக்கும்.

இப்போது செய்ய வேண்டியது, மண்ணின் ஈரம் ஒரே சீராக இருக்கப் பார்ப்பது. மொட்டைமாடி மழைநீர்க் குழாய் சுவரடியிலேயே கொட்டினால் அதை வடிகால் வரை நீட்டுங்கள். கட்டடத்தைச் சுற்றி ஒரு மீட்டர் அகலத்துக்கு, வெளிப்பக்கம் சரிவாகத் தளம் போடுங்கள். சுவரை ஒட்டிப் பெரிய மரம் நின்றால் வேர் ஈரத்தை உறிஞ்சும். அதற்காக அவசரப்பட்டு வெட்டினாலும் களி நனைந்து உப்பும், யோசித்துச் செய்யுங்கள்.

விரிசலின் இரு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி, ஒரு வருடம் கவனியுங்கள். அடைக்கும்போது ‘வி’ வடிவில் வெட்டி, பாலியூரித்தேன் சீலன்ட் (ரப்பர் போல் இழுபடும் அடைப்புப் பசை) வையுங்கள். அகலம் 5 மி.மீ. தாண்டினாலோ கதவு சிக்கினாலோ ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: வகுப்பில் பேச்சு எதிரொலிக்கிறது. முட்டை அட்டை ஒட்டலாமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: வேண்டாம். தீப்பிடிக்கும், பலனும் சொற்பம். டைல்ஸ் தரை, வழவழப்பான சுவர், கான்கிரீட் கூரை மூன்றும் ஒலியைத் திருப்பி அடிக்கின்றன. கூரையில் ஒலியை உறிஞ்சும் மினரல் ஃபைபர் (கனிம நார்) பலகை மாட்டுங்கள். ஓட்டையில்லாத ஜிப்சம் பலகை உதவாது. மாடி ஒழுகினால் அதை முதலில் அடையுங்கள். மினரல் ஃபைபர் நனைந்தால் தொங்கிவிடும்.